இரண்டு என்று வாசிக்கப்பட்ட சுழி

யுத்தம் முடிந்த மறு வருஷம், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆபீஸில் எனக்குக் கோடு வரையும் வேலை. மாதுங்காவில் அண்ணா வீட்டில் இருந்தேன். கல்யாணமாகி ஒன்பது மாதம். அவர் அஸ்ஸாம் பக்கம், அதே கம்பெனியின் எண்ணெய் வயலில் கிணற்றுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வீடு கிடைத்ததும் வரச்சொல்லி எழுதுகிறேன் என்று போனவர். நான் வேலைக்குப் போவது அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி சம்பாதித்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ரகம். உண்மையில் அவர் கையெழுத்தைப் பார்க்கத்தான் போனேன். கடிதம் அபூர்வம், குறிப்புத் தாள்களோ வாரம் தவறாமல் வந்துவிடும்.

அங்கே ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தி இறக்குவார்கள். அது பூமிக்குள் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் வேறு கிணறுகளில் ஏற்ற வேண்டும். எதற்கும் எதற்கும் உள்ளே தொடுப்பு என்று மேலே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? இறக்கிய தண்ணீரை ஒரு டிரேசிங் தாளிலும், ஏறிய எண்ணெயை இன்னொன்றிலும் கோடாக வரைவேன். இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு நாளாக நகர்த்துவேன். ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும் இடத்தில், எத்தனை நாளில் தள்ளல் எட்டுகிறது என்று தெரியும். எவ்வளவு நகர்த்தியும் ஒட்டாவிட்டால், 'தொடுப்பில்லை' என்று எழுத வேண்டியதுதான். அப்படி எழுதும்போதெல்லாம் என் கதைதான் நினைவுக்கு வரும். நானும் வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

ஒவ்வொரு தாளின் தலையிலும் அவர் பிள்ளையார் சுழி போட்டிருப்பார். மராட்டியில் எழுதும் இரண்டும் கிட்டத்தட்ட அதே வடிவம்; புதிதாக வந்த மராட்டிய ஹெட் கிளார்க் அதை இரண்டு என்று வாசித்தார். "தோ நம்பர் ஹீ ஆதா ஹை, ஏக் நம்பர் கிதர்?" இரண்டாம் பக்கம்தான் வருகிறது, ஒன்றாம் பக்கம் எங்கே என்று குதித்தார். முதல் பக்கங்களைத் தொலைக்கிறான் என்று வயலுக்குப் புகார் எழுத உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேலைக்கு ஆபத்து என்று பதறிப்போய் எழுந்தேன்.

"சாப், வோ நம்பர் நஹீ. கணபதி கா நிஷான் ஹை."

எண் இல்லை, கணபதியின் அடையாளம் என்றதும் ஹெட் கிளார்க் கை கூப்பினார். ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை கூப்பவில்லை. தாளில் எண்ணைத் தவிர எதுவும் கூடாது என்று உத்தரவு போயிற்று.

அடுத்த மாதம் தாள்கள் மொட்டையாக வந்தன. வெறும் எண்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சுழியில்தான் அவர் இருந்தார். அதையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். அழுகையாக வந்தது.

"பேசாமக் கிளம்பிப் போயிடட்டுமா மன்னி?"

"நன்னாருக்கு! அவர் கூப்பிடாம நீயாப் போய் நின்னா என்ன நினைச்சுப்பார்?"

பிறகு ஒரு கடிதம் வந்தது. க்ஷேமம், வீடு இன்னும் கிடைக்கவில்லை என்பதற்குக் கீழே எழுதியிருந்தார்: "பம்பாய் ஆபீஸில் யாரோ நம்மவர் இருக்கிறார் போலிருக்கிறது. சுழியைக் கண்டு சொல்லியிருக்கிறார். அதனால் உத்தரவு வந்தது, ஆனால் எனக்குக் கோபமில்லை. இத்தனை நாள் என் எழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே இதமாக இருக்கிறது. இங்கே பேச ஆளில்லை. அவர் யாரென்று தெரிந்தால் நன்றி சொல்வேன்."

'வா' என்ற ஒற்றை எழுத்தை அதில் நாலு தடவை தேடினேன். இல்லை. நன்றி சொல்வாராம்! கோபமும் ஆசையும் சேர்ந்து வந்தன. மறுநாள் வேலையை விட்டேன். போரிபந்தர் ஸ்டேஷனில், அஸ்ஸாமுக்குப் போகும் வழியான கல்கத்தாவுக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றபடியே ஒரு கார்டு எழுதினேன்: "அந்த யாரோ நான்தான். நன்றியை நேரில் சொல்லுங்கள்."