சீவிப்போட்ட பிசிறு

கோவை சந்திப்பில் இறங்கியபோது வெயில் ஏறவில்லை. உக்கடம் வரை ஆட்டோ, நூறு ரூபாய். அங்கிருந்து பொள்ளாச்சி சாலையில் ஆறேழு கிலோமீட்டர், குறிச்சித் தொழிற்பேட்டைக்குப் பேருந்து. "எந்தக் கம்பெனிக்குங்க? எந்தக் கதவத் தட்டுனாலும் பம்ப்செட்டுதானுங்க வரும்," என்றார் நடத்துனர். நான் தேடி வந்தது குழாய் இணைக்கும் பட்டறை.

எண்ணெய்க் குழாய்கள் வாங்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் தரச் சோதனை என் வேலை. எண்ணெய் வயலில் குழாய்களின் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிச் சுற்றி வெல்டிங் செய்ய நேரம் பிடிக்கும். பூங்கொடி என்பவரின் பட்டறையில் வேறு வழி: இரண்டு குழாய்களுக்கு நடுவே ஓர் எஃகு வளையத்தை வேகமாகச் சுழலவிட்டு, இருபுறமும் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் மூன்றும் ஒன்றாகிவிடும். இன்று தேறினால் எண்ணெய் வயலில் சோதனை. இல்லையென்றால் எங்கள் அலுவலகம் இதைக் கைவிடும்.

"வாங்க அம்மணி, சாப்ட்டீங்களா?" என்று பூங்கொடி அழைத்துப் போனார். மேசையில் மூன்று மாதிரிகள் கண்ணாடிபோல் மின்னின. சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

இணைப்பில் உலோகம் பிசிறாகப் பிதுங்கி வளையும். இருபுறமும் ஒரே அளவில் வளைந்திருந்தால் அழுத்தம் சமம். அந்தப் பிசிறைத்தான் லேத்தில் சீவி, மெருகும் போட்டிருந்தார்கள்.

"என்னக்கா, நான் பார்க்க வந்ததே அதைத்தானே?"

"விருந்தாளி வர்றப்ப ஊடு வாசலக் கூட்டாம இருப்பாங்களாங்க?"

"அவிய கூட்டலீங்க, செவுத்தையே சீவிப்போட்டாங்க," என்றார் இயந்திரத்தை இயக்கும் ரஹீம்.

நாங்கள் அனுப்பிய குழாய்களில் ஒரே ஒரு ஜோடி மிச்சமிருந்தது. ரஹீம் அதைப் பொருத்தினார். வளையம் கிறீச்சிட்டுச் சுழன்று செந்நிறமானது. நின்றதும் மூவரும் குனிந்தோம். இடப்பக்கப் பிசிறு தடிப்பு, வலப்பக்கம் மெலிசு. ஆறியபின் பலம் பார்க்க ஒரு துண்டை அறுத்து வளைத்தோம். வலப்பக்கத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல்.

ரஹீம், "அந்த மூணுலயும் இந்தப் பக்கம் மெலிசுதானுங்க. லேத்துல போயிருமேன்னு உட்டுப்போட்டேன்," என்றார்.

"அப்பவே வாயத் தொறக்கறதுக்கு என்ன?" என்றார் பூங்கொடி.

"நீங்க பொட்டு வெக்கறதுல இருந்தீங்க."

வலப்பக்க அழுத்தத்தைச் சரிசெய்தால் இணைப்பு நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதைச் சான்றாகத் தர முடியாது. தேறவில்லை என்றே எழுதினேன். அதன் கீழே காரணத்தையும் எழுதி, அலுவலகத்திடம் இன்னொரு ஜோடி குழாய் கேட்டேன். பூங்கொடி அதைப் படித்துவிட்டுச் சாப்பிட இலை போட்டார்.

சென்னையில் இப்படியொரு வேளையில் "பார்க்கலாம்" என்று சொல்லி நழுவிவிடுவோம். எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றுபவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "குழாய் கிடைக்கும்னு உறுதியில்லை அக்கா," என்றேன்.

பூங்கொடி ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கெடைச்சா சொல்லுங்க அம்மணி. அடுத்த தடவ பிசிறக் கூட்டாம அப்படியே வெக்கறனுங்க."