மூன்று சோடாவும் வராத ஏப்பமும்

மடற்குழு மகாஜனங்களே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நான் சொல்ல, மச்சினன் எழுதுகிறான். கணினியில் ஏற்றி அனுப்புவதும் அவன்தான்.

இன்று காலை ஜங்ஷனில் ஏரல் பஸ்ஸுக்காக நின்றேன். பொதிகை மலையைப் பெயர்த்து யாரோ என் நெஞ்சின்மேல் வைத்தார்கள். தாமிரபரணியே வேர்வையாக முதுகில் இறங்கியது. இடது கை கனத்தது.

நான் யார்? வாயுவை வென்ற மாமன்னன் அல்லவா? நேராக இசக்கியின் சோடாக்கடைக்குப் போனேன்.

"ஒரு சோடா உடையும் வே. வாயு பிடிச்சிருக்கு."

ஒன்று குடித்தேன், ஏப்பம் இல்லை. மூன்று குடித்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். அரை மணி நேரம் போய்விட்டது.

நாலாவதுக்குக் கை நீட்டினேன். இசக்கி பாட்டிலை உள்ளே வைத்துவிட்டார்.

"எங்க அண்ணனும் இப்படித்தான் ஏப்பத்துக்குக் காத்துக் கெடந்தான். ஆட்டோவுல ஏறும், அண்ணாச்சி."

அந்த அண்ணன் இப்போது எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏறிவிட்டேன்.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது இடி மாதிரி வந்தது ஏப்பம். "சரியாப் போச்சு டாக்டர்" என்று எழுந்தேன். டாக்டரம்மா தோளை அமுக்கிப் படுக்க வைத்தார்.

"ஏப்பம் வந்தாலும் அடைப்பு அடைப்புதான். நெஞ்சு இறுகி, வேர்த்து, கை கனத்தா அந்த நிமிஷமே வரணும். இப்பவாவது வந்தீங்களே."

கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் நெஞ்சுவலிக்கு வைத்தியர் யார், சோடாவா, ஓமத்தண்ணீரா? எழுதுங்கள். நாலாவதை மறுக்கப் பக்கத்தில் ஓர் இசக்கி இருக்கிறாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.