இரண்டு காதத்தில் ஒரு சம்பந்தம்

தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்தபோது எங்கள் ஆட்கள் நிலம், வீடு, மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். காதத்தை மட்டும் விடவில்லை. நமுனுகுல மலையடியில் வண்டிப்பாதை நெடுக மைலுக்கு ஒரு கட்டை நட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள்கூடத் தூரத்தைக் கேட்டால் காதத்தில்தான் சொல்வார்கள். அதுவும் அவரவர் ஊர்க் காதம். ஒன்றுக்கொன்று ஒத்துவராத கணக்கு என்பது, அக்காவைக் கட்டிக்கொடுக்கும்வரை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

பெண் கேட்டு வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. மதுரைப் பக்கத்து மனிதர், சாது. தோட்டம் கொஸ்லந்தப் பக்கம் என்றார். அப்பா எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். மலைக் குறுக்குவழியில் இரண்டு காதம் என்று பதில் வந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருச்சிப் பக்கத்திலிருந்து அப்பா கொண்டுவந்த கணக்கில் நாலு கூப்பிடு ஒரு காதம். ஒருவன் நின்று கூவினால் அடுத்தவன் காதில் விழும் தூரம் ஒரு கூப்பிடு. அப்படிப் பார்த்தால் இரண்டு காதம் ஆறு கட்டைகூட வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய வந்துவிடலாம். இதைச் சொல்லித்தான் அம்மாவின் சம்மதத்தை வாங்கினார்.

கல்யாணம் எங்கள் லயத்திலேயே நடந்தது. அதன்பிறகு மழை, அப்புறம் அப்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் வேறு ஏதோ. பக்கத்தில்தானே இருக்கிறாள் என்கிற தைரியமே எங்களைப் போகவிடாமல் செய்தது.

அக்காவுக்கு ஏழாம் மாதம் என்று ஆள் மூலம் சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. அம்மாவுக்கு அட்டைக்கடி புண்ணாகிக் கால் வீங்கியிருந்ததால் அப்பா போய் அழைத்துவருவதாக ஏற்பாடு. நானும் வருவேன் என்று அடம்பிடித்து அழுதேன். எனக்கு எட்டு வயது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்து, வளையல்களைத் துணியில் முடிந்து அப்பாவின் மடியில் வைத்துவிட்டாள். அப்பாவின் கணக்குப்படி அக்காவின் லயம் வந்திருக்கவேண்டிய நேரத்தில் எங்களைச் சுற்றி வெறும் காடுதான் இருந்தது. வழி தவறவில்லை, பிள்ளையோடு நடப்பதால் மெதுவாகிறது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். உச்சிவேளையில் பொதிமாடுகளை ஓட்டிவந்த பதுளைக் கடைக்கார முஸ்லிம் நானா ஒருவர் எதிர்ப்பட்டார். அவரிடம் கேட்டதற்கு இன்னும் ஒரு காதம் இருக்கும் என்றார். நாலு கூப்பிடுதான், ஒரே மூச்சில் போய்விடலாம் என்று அப்பா என்னைத் தட்டிக்கொடுத்து நடத்தினார். அவருடைய நாலு கூப்பிடு முடிந்து இன்னொரு நாலும் முடிந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு முகட்டுக்கு வந்தோம். விறகு சுமந்து வந்த பெண் ஒருத்தி பள்ளத்துக்கு அப்பால் நீலமாகத் தெரிந்த மலையைக் காட்டி, அதுதான் நாங்கள் தேடும் தோட்டம், ஏழு கட்டை இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஏழு கட்டை போனால் திங்கள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குத் திரும்ப முடியாது. பெரட்டில் ஆள் இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டு ஓடினவன் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருவரை விலங்கு மாட்டி இழுத்துப்போனதை லயமே நின்று பார்த்திருக்கிறது. ஆனால் திரும்பினால் அக்கா? அவர் போகவுமில்லை, திரும்பவுமில்லை. பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஏ ஆத்தா, ஏ ஆத்தா என்று அந்த மலையைப் பார்த்து அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்.

எனக்குக் கால் வலி, பசி, அம்மா ஞாபகம். இவர் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வீட்டுக்கு எப்போது போவது? எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அப்பா, அக்கா பேசுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "என்னா சொன்னா?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வாங்கன்னு சொல்லுச்சு."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, வந்த வழியே நடந்தார். பெரியவரை ஏமாற்றிவிட்ட பெருமையோடு நான் அவர் தலையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனேன்.

அடுத்த ஞாயிறு போக முடியவில்லை. இவ்வளவு தூரத்துக்கு மூன்று நாள் விடுப்பு வேண்டும். கொழுந்து மிதமிஞ்சி இருந்ததால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுவிட்டார் கங்காணி. அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்துவிட்டார். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, அக்காவும் பிள்ளையும் போய்விட்டார்கள். அடக்கமும் முடிந்திருந்தது.

அழுகையெல்லாம் சற்று அடங்கியபின் அப்பா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "உங்க பக்கம் ஒரு காதத்துக்கு எத்தன கூப்பிடுங்க?"

"கூப்பிடுக் கணக்கு எங்களுக்கு இல்லீங்க. ஏழர நாழிக நடந்தா ஒரு காதம்."

மூன்று மணி நேர நடை, பத்துக் கட்டைக்குக் கிட்ட வரும். அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. சண்டை போடவாவது ஒரு பொய் இருந்திருக்கலாம்.

அம்மாதான் அப்பாவை விடவில்லை. அவ்வளவு தூரம் போனவர் அன்றைக்கு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்பா என்னைப் பாராமலே பதில் சொன்னார். "புள்ளைக்குக் கேட்டுச்சு. அடுத்த வாரம் வரச் சொன்னாளாம்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அக்காவின் குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்துச்சு என்றேன்.

அப்பா என் பொய்யை நம்பி ஏமாந்தார் என்றே வருஷக்கணக்காக எண்ணியிருந்தேன். தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்து, அவர் கண்ணை மூடும்வரை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிடும் குரலை வைத்தே ஆயுசு முழுக்கத் தூரத்தை அளந்த மனிதருக்கு, ஏழு கட்டைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்துசேராது என்று தெரியாமலா இருந்திருக்கும்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.