வடபுலத்து வீரருக்கு வலிக்காது

என் கணவர் வாரம் முழுக்க கோலா தெர்லா மலையில் முட்டைக்கோஸ் விவசாயி. ஞாயிறு மதியம் மட்டும் கோடரி ஏந்திய மாவீரர். தோட்டத்து ஸ்டோரில் காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு நான்கு பேர் உட்காருவார்கள். பகடை உருட்டி, இல்லாத ஓர் உலகத்தில் வாழ்வார்கள். லோரி ஓட்டும் தம்பிதான் கதைசொல்லி. பனிப்புயல் வீசுவதும் ஓநாய் பாய்வதும் அவன் வாயில்தான். மற்ற மூவரும் வடபுலத்துக் குலத்தின் வீரர்கள்.

அந்தக் குலத்துக்கு ஒரு சட்டம். விளையாட உட்கார்ந்தபின் வலிக்குது, குளிருது, பயமா இருக்கு என்று யார் சொன்னாலும் அவருடைய வீரன் குலத்தைவிட்டு விலக்கப்படுவான். தெற்கே போய்க் காய்கறி பயிரிட வேண்டியதுதான். அதைவிடக் கேவலம் அந்த உலகத்தில் இல்லையாம். சொந்த மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு வந்து இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். போட்ட அன்று எல்லார் தலையிலும் குரங்குக் குல்லாய் வேறு. நானோ தேயிலைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியவள். எனக்கு வலித்தால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும். நல்லவேளை, என்னைக் குலத்தில் சேர்க்கவில்லை.

அந்த ஞாயிறு என் வீட்டுக்காரருக்குப் பெரிய நாள். வயிற்றில் அம்பு தைத்தபடி உறைந்த ஆற்றைக் கடந்தால் குலத்தலைவர் பதவி. எங்கள் கல்யாண நாளை மறப்பவர், இதற்காக விடியற்காலையிலேயே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார்.

நான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரிங் பொரித்து எடுத்துப் போனபோது ஆற்றின் பாதியில் இருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது.

"அடேங்கப்பா, என்னா நடிப்பு லா!" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கைதட்டினார்.

நானும் ரசித்துவிட்டுத் தட்டை நீட்டினேன். தள்ளிவிட்டார். சாவு வீட்டில்கூடப் பலகாரத்தைத் தள்ளாத மனிதர்! நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"என்னங்க, நெசமாவே வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார். உதடு வெளுத்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, இந்த மனுசன் செத்துட்டா உங்க குலத்துக்கு யாருடா தலைவரு?"

லோரித் தம்பி அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டார் என்று அவனுக்கும் தெரியும். கதை சொல்லும் குரலிலேயே, "மயங்கி விழுந்த வீரன குலமே தூக்கிட்டுப் போவும். அதுல அவனுக்கு மானக்கேடு இல்ல" என்றான்.

அடுத்த நொடியே என் மாவீரர் கண்ணை மூடிக் கூடைமேல் சரிந்தார்.

லோரியில் தூக்கிப் போட்டுக் கிளம்பினோம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் கியா பார்ம் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்கள் அசையாமல் நின்றன. தம்பி லோரியைத் திருப்பி, மலையிறக்கத்தில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு விட்டான். வளைவுக்கு வளைவு அவர் முனகினார். மயங்கியவர் முனகலாமா என்று நான் கேட்கவில்லை. குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் குலமே ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தது. வலி எப்படி என்று ஊசி போட வந்த மிஸ்ஸி கேட்டார். வயிற்றில் தையலோடு, "சுத்தமா இல்ல மிஸ்ஸி" என்றார் தலைவர். ஆமாம், பதவி கிடைத்துவிட்டது.

அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தாங்க முடியலடி. உன்ன விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன்."

நிமிர்ந்தால், மறந்துபோன லோரிச் சாவியை எடுக்கத் திரும்பி வந்த தம்பி கட்டில் கால்மாட்டில் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். இவர் சட்டென்று முகத்தைத் துடைத்தார்.

தம்பி சாவியை எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"எறக்கத்துல எனக்குக் காலு நடுங்குச்சுண்ணே. பிரேக்க மிதிக்கவே பயமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவனும் அழத் தொடங்கினான்.

மற்ற இருவரும் வார்டு வாசலில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன்.