நாற்பத்து மூன்று கைநாட்டு

என் மேஜை இழுப்பறையில் ஒரு தகர மைப்பெட்டி வெகுகாலம் கிடந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். மூடியெல்லாம் துரு. உள்ளே கம்பளித் துணி, அதன் நடுவில் ஒரு பள்ளம். ஒரே கட்டைவிரல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்தினால் விழுகிற பள்ளம் அது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் என் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள். "இந்தத் தகரத்துல அப்படி என்னதான் இருக்குது?" என்பாள். என்ன இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கேலிக்குக் கேட்பதுதான். அவளைப் பெண் பார்க்க நான் ஓடிய ஓட்டத்தில்தான் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போக இருந்தார்.

யுத்த காலம் அது. சேலத்து வக்கீல்கள் சிலர் சேர்ந்து ஜனங்களின் உரிமைக்காக ஒரு சங்கம் நடத்தினார்கள். அதன் தர்மபுரிக் கிளையில் நான் குமாஸ்தா. கிளை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புளி மண்டிக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, செயலாளரான ஒரு வக்கீல், அப்புறம் நான். அநியாயம் நடந்தது என்று யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுப்போம், அதிகாரிகளிடம் போய் வாதாடுவோம், பத்திரிகைக்கு எழுதுவோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று செயலாளர் எல்லாரிடமும் சொல்லுவார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஒரு சந்தை நாளில் வத்தல்மலையிலிருந்து ஊர்க்கவுண்டர் வந்தார். மலைமேல் நாற்பத்து மூன்று குடிகள் உள்ள ஓர் ஊருக்கு அவர்தான் தலைவர். ஐம்பது வயதிருக்கும், கட்டையான தேகம், பேச்சு குறைச்சல். விற்க வந்த கடுக்காய் மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். மலைக்கு முகாம் வருகிற அதிகாரிகளுக்கு அவர் ஊர்க்காரர்கள் சுமை தூக்க வேண்டும். கூடாரம், இரும்புக் கட்டில், குளிக்கிற தொட்டி, ஒரு தடவை பாட்டுப்பெட்டிகூட. கூலி கிடையாது. வரமாட்டேன் என்றால் அடி. அந்த வருஷம் முதல் மழை விழுந்து மண் ஈரமாக இருந்தபோது, சாமை விதைக்க வேண்டிய நாலு நாளும் ஊரே சுமை தூக்கப் போயிருந்தது. ஈரம் காய்ந்து போயிற்று. பாதிக் காடு விதைக்காமல் கிடந்தது.

"மலைமேல பஞ்சம்னா கீழ யாருக்குங்க தெரியும்? அடுத்த மழைக்குள்ள இது நிக்கணுங்க. இல்லேன்னா புள்ளைங்க தாங்காது" என்றார்.

செயலாளர் மனுவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடிக்கு ஒருவராக நாற்பத்து மூன்று பேரின் இடது கட்டைவிரல் ரேகை வேண்டும், நேரில் இருந்து வாங்கி வா என்று சொல்லித்தான் செயலாளர் என்னை மலைக்கு அனுப்பினார். நான் போன அன்று ஆட்களெல்லாம் காட்டில் இருந்தார்கள். சாயங்காலம்தான் திரும்புவார்களாம். எனக்கோ அன்று சாயங்காலம் காரிமங்கலத்தில் பெண் பார்க்கிற ஏற்பாடு. மலை இறங்கி, ரோடு வரைக்கும் நடந்து, கரியில் ஓடுகிற அந்தக் கிழட்டு பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் மறுநாள்தான். ஊர்க்கவுண்டர் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, "வெச்சுட்டுப் போங்க தம்பி, நான் வாங்கி அனுப்பறேன்" என்றார். காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவர் கையில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், 'என் முன்னிலையில் வைக்கப்பட்ட ரேகைகள்' என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முத்து முத்தான கையெழுத்து!

மூன்றாம் நாள் காகிதம் வந்தது. பெயருக்கு நேரே ரேகை, ஒன்றும் விடுபடவில்லை. எண்ணிப் பார்த்தேனே தவிர உற்றுப் பார்க்கவில்லை. மனு மேலே போயிற்று. இரண்டு வாரம் கழித்து, விசாரணை நடத்திய அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்து மூன்று ரேகையும் ஒரே விரல். விரலின் குறுக்கே அரிவாள் வெட்டிய தழும்பு ஒன்று, நாற்பத்து மூன்றிலும் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. பொய்க் கைநாட்டு வைத்து சர்க்காரை ஏமாற்றப் பார்த்ததாக ஊர்க்கவுண்டர்மேல் ஏன் வழக்குப் போடக் கூடாது, பத்து நாளில் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். படித்ததும், கடிதத்தோடு வந்திருந்த ரேகைக் காகிதத்தின் போட்டோவைப் பார்த்தேன். குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும் அந்தக் கோடு.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் மலை ஏறினேன். ஊர்க்கவுண்டர் கேழ்வரகுக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"வெக்கச் சொன்னீங்க, வெச்சேன். ஊரைக் கூட்டி, ஒவ்வொரு குடியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சம்மதமான்னு கேட்டு, ஆளுக்கொரு வெத்தலை வாங்கிட்டுத்தானுங்க வெச்சேன். எங்க ஊர்ல கல்யாணமோ சாவோ, நான் கை வெச்சா அந்தக் குடி வெச்ச மாதிரி. நாப்பத்தி மூணு வாட்டி வெச்சதுல கையே வலிச்சுப் போச்சுங்க."

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் சங்கத்தில் ஒருவன்கூட அப்படி வீடு வீடாகச் சம்மதம் கேட்டதில்லை. நான் அன்று உட்கார்ந்திருந்தால் முதல் ரேகையிலேயே தடுத்திருப்பேன். இதை அவரிடம் சொன்னேன். நான் எழுதி வைத்த பொய்யையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செயலாளர் அதிகாரியைப் பார்த்து வந்தார். மனுவை வாபஸ் வாங்கி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஊர்க்கவுண்டர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வழக்கு இல்லை என்று அதிகாரி சொன்னாராம். அதைச் சொல்லச் செயலாளரும் நானும் மலைக்குப் போனோம். ஊர் முழுதும் பெரிய பாறைமேல் கூடியது. மறுபக்கம், கொஞ்சம் தள்ளி, பெண்கள் நின்றார்கள். அந்த ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. வாபஸ் என்ற வார்த்தையைச் செயலாளர் விளக்கி முடித்ததும் ஊர்க்கவுண்டர், "அப்ப சுமை?" என்றார். மனு இல்லையென்றால் சுமை நிற்காது என்று செயலாளர் ஒப்புக்கொண்டார்.

"நான் ஜெயிலுக்குப் போறேன். மனு இருக்கட்டும்" என்றார் ஊர்க்கவுண்டர்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவர் தங்கை முன்னால் வந்தாள். புருஷனை இழந்து தனிக் குடியாக இருந்தவள். அவளும் சுமை தூக்கியவள்தான். "ஏண்ணா, எங்க வெரலெல்லாம் செத்தா போச்சு? நாங்களே வந்து வெக்கிறோம். அந்த ஆபீசர் கண்ணு முன்னாலேயே வெக்கிறோம். அப்ப யாரு விரலுன்னு கேப்பாரு?" என்றாள்.

அந்த ஊரில் அதுவரை யாரும் தனக்காகத் தானே கை வைத்ததில்லை. ஆளாளுக்கு வைத்தால் ஊர்க்கவுண்டர் எதற்கு? அவருடைய பாட்டன் காலத்து மரியாதை அது. அவர் தன் இடது கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நான் வெச்சது தப்பில்லே. ஆனா அவங்களுக்குப் புரியலே. புரியற மாதிரி வெப்போம். எல்லாரும் வரணும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒண்ணு செய்யணுங்க. இனிமே எங்களுக்காக எதை எழுதுனாலும் இந்தப் பாறையில உக்காந்து எழுதணும். எங்க பேச்சுல படிச்சுக் காட்டணும். கடுதாசியை வெச்சுட்டு ஓடறது வேணாம். அங்க போனா முதல்ல நாங்க பேசறோம், சட்டம் வந்தா நீங்க பேசுங்க." செயலாளர் எழுந்து நின்று கைகூப்பினார். ஒரு சங்கமும் ஓர் ஊரும் சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அதன்பின் நான் எத்தனையோ தீர்மானங்கள் எழுதியிருக்கிறேன். எதிலும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விசாரணை நாளில் விடியுமுன் மலை இறங்கினார்கள். நாற்பத்து மூன்று குடியும், குடிக்கு ஒருவர். அதில் ஐந்து பெண்கள். இடுப்பில் களி உருண்டை கட்டிய துணி மூட்டை. அவர்கள் சர்க்கார் கச்சேரி வாசலில் வரிசையாக உட்கார்ந்தபோது சேவகன் திகைத்துப் போனான். உள்ளே அதிகாரி முதலில் என்னைத்தான் கேட்டார்: "இது உன் முன்னிலையில் வைத்ததா?" ஊர்க்கவுண்டரை மாட்டிவிட்டு நான் தப்பித்திருக்கலாம். "இல்லை. நான் பொய் எழுதினேன். குற்றம் என்னுடையது" என்றேன். என்னை ஒருமையில் திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஊர்க்கவுண்டர் வாசலைக் காட்டி, எல்லாரும் வந்திருக்கிறார்கள், ரேகை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். சலிப்போடு, "இத்தனை பேர் எதற்கு? எல்லாருக்குமாக ஒருவர் வைத்தால் போதும்" என்றார்.

"ஒருத்தர் போதும்னுதானுங்க சாமி நானும் வெச்சேன். நீங்கதான் ஒத்துக்கலே."

ரெவின்யூ குமாஸ்தா ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதிகாரி முகம் சிவந்தது. எல்லாரையும் வரிசையாக வரச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் நடந்தது. கச்சேரி மை தீர்ந்து போக, ஊர்க்கவுண்டர் தன்னிடமே இருந்த என் மைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி வைத்தார். தங்கை வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைக்காமலே வெளியே போனாள். கடைசியாக ஊர்க்கவுண்டர். அவர் தன் குடிக்கு ஒரே ஒரு முறை வைத்தார். அந்தத் தழும்பின் கோடு ஒரு பெயருக்கு நேரே மட்டும் விழுந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காதது போல இருந்தேன்.

வழக்கு கைவிடப்பட்டது. கூலி கொடுக்காமல் யாரையும் சுமைக்குக் கூப்பிடக் கூடாது, விதைப்புக் காலத்தில் கூலிக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த முகாமுக்கு வந்தவர்கள் உத்தரவைக் கண்டுகொள்ளாமல் மிரட்டினார்கள். ஊரே பாறைமேல் உட்கார்ந்துகொண்டு நகலைக் காட்டியது. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய இரும்புக் கட்டில் மலை அடிவாரத்திலேயே கிடந்தது. அந்த மழைக்குச் சாமை விதைத்தார்கள். மைப்பெட்டியை ஊர்க்கவுண்டர் என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்குங்க தம்பி. ஓடத் தோணுச்சுன்னா எடுத்துப் பாருங்க" என்றார்.

போன மாதம் தர்மபுரியில் மனித உரிமைக்காக வேலை செய்கிற இளைஞர்கள் சிலர் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊர்க் குழுக்கள் தங்களோடு எப்படிச் சேரலாம் என்று விளக்க ஒரு படிவம் அச்சடித்திருந்தார்கள். அழகான படிவம். அடியில் ஒரே கோடு: 'குழுத் தலைவர் கையொப்பம்'. எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. மைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துக் கதையைச் சொன்னேன். படிவம் தயாரித்த பெண் அந்தக் கோட்டைப் பேனாவால் அடித்தாள். "எத்தனை கோடு போடணுங்க ஐயா?" என்று கேட்டாள்.

"ஊர்ல எத்தனை வூடோ, அத்தனை."

அவள் மைப்பெட்டியைத் திறந்து அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் படிவத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. "ஐயா, உங்க பஸ்ஸுங்க. இதை விட்டா இனி நாளைக்குத்தான்" என்று ஒரு பையன் அவசரப்படுத்தினான்.

போகட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.