பாதிதான் மண்

1973 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, சவரம் செய்து, வானொலிச் செய்தி முடிந்ததும் காப்பி குடித்தேன். கும்பகோணத்தில் ஏழேகாலுக்குக் குத்தாலம் பேருந்து. பையில் இரண்டு கண்ணாடிச் சீசா, ஒரு பொட்டலம் ஜிப்சம் பொடி. மண் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. களர் ஏறிய ஒரு நிலத்தைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் நெற்றி நிறைய நீறு பூசிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். என் வேலையைக் கேட்டதும், "மண்ணுல பாதிதான் மண்ணு, தெரியுமோ? மீதிப் பாதியில நீர், தீ, காற்று, ஆகாயம் நாலும் சமபங்கு. பழைய நூல்ல இருக்கு," என்றார்.

"எங்க பாடத்துலயும் நல்ல மண்ணுல பாதிதான் திடப்பொருள். மீதி தண்ணியும் காத்தும். ஆனா நாங்க அளந்து பார்த்துச் சொல்றோம். தீயைத்தான் எங்கயும் காணோம்."

"தேடிப் பாருங்க சார், சர்க்கார் சம்பளம் வாங்குறீங்கல்ல!"

முன்னிருக்கைக்காரர்கள் சிரித்தார்கள்.

குத்தாலத்தில் இறங்கி வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். இருபுறமும் நாற்றங்கால் பச்சை. நடுவே ஓரிடம் மட்டும் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் ஊர் மிராசுதாரிடமிருந்து எடுத்து, அவர் பண்ணையில் கூலி வேலை பார்த்த அஞ்சலைக்கும் கணவர் கோவிந்தனுக்கும் பட்டா கொடுத்த ஒரு ஏக்கர் அது.

"பட்டா வாங்குனப்ப ஊரே கைதட்டுச்சுங்க. விதை முளைக்கலைன்னதும் ஊரே சிரிக்குது," என்றார் அஞ்சலை. "நாளைக் காலையில மிராசுதாரோட காரியக்காரர் வர்றாரு. நிலத்தை அவங்ககிட்டயே குத்தகைக்கு விட்டுட்டு, பழையபடி கூலிக்கு வரணுமாம். இவரு தலையாட்டிட்டாரு."

"வேற என்ன செய்ய? உப்பளமா நடத்த முடியும்?" என்றார் கோவிந்தன்.

மண்ணில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. களிமண் துகள்கள் பிரிந்து துளைகளையெல்லாம் அடைத்திருந்தன. ஆசிரியர் சொன்ன காற்றுக்கும் ஆகாயத்துக்கும் இதில் இடமே இல்லை.

இரண்டு சீசாவிலும் அந்த மண்ணையும் வாய்க்கால் நீரையும் போட்டுக் குலுக்கினேன். ஒன்றில் மட்டும் ஜிப்சம் சேர்த்தேன்.

"காலைக்குள்ள ஜிப்சம் போட்ட இந்தச் சீசா தெளிஞ்சா, துகள் ஒண்ணுசேருதுன்னு அர்த்தம். நிலத்துல ஜிப்சம் போட்டா அங்கயும் சேரும், தண்ணி இறங்கும்."

"தெளியலைன்னா?"

"வேற வழி எனக்குத் தெரியாதும்மா."

தெளிந்தாலும் ஒரே போகத்தில் சரியாகாது, வடிகால் வெட்டி உப்பைக் கழுவ வேண்டும், தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழ வேண்டும் என்றும் சொன்னேன்.

"தழை உள்ள போயி என்னங்க பண்ணும்?"

"மட்கும். மட்குறதும் மெதுவா எரியிற மாதிரிதான்."

சொன்ன பிறகுதான், பேருந்தில் காணாத தீ இதுதானே என்று தோன்றியது. அந்த ஆசிரியரின் ஊரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சீசாக்களை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அங்கே போனேன். ஒரு சீசா சேறாகவே நின்றது. மற்றதில் மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அஞ்சலை அதை எடுத்து, வருகிறவர் கண்ணில் படும்படி வாசலில் வைத்தார். பிறகு கோவிந்தனிடம் மண்வெட்டியை நீட்டினார்.

"அவரு வர்றதுக்குள்ள வடிகாலை வெட்ட ஆரம்பிச்சிடுய்யா."