கச்சான் காற்றுக்கு மாற்றிய கியர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன். ஏறிப்போனது ஒரு ரேஸ் சைக்கிள். தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் நாடு திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழையது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல்வெளியைத் தாண்டி மேற்கே மிதிப்பது உயிரை வாங்கும். பின்சக்கரத்தில் இருந்த மூன்று பற்சக்கரங்களும் வேகத்துக்கென்று செய்த சின்னவை. காற்றுக்கு எதிராக மிதித்து மிதித்து என் முழங்கால் வீங்கிவிட்டது.

குவைத்திலிருந்து லீவில் வந்த மச்சான், என் மனைவி காக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணன், இரண்டு அலுமினிய வீல்கள் கொண்டுவந்தார். பின்வீலில் ஆறு பற்சக்கரங்கள். பெரியது சின்னப் பீங்கான் தட்டு அளவு.

"இதப் போட்டா கச்சானுக்குள்ளயும் லேசாப் போகலாம் மச்சான்," என்றார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து வாசலில் சைக்கிளைக் கவிழ்த்தோம். புது வீல் அகலம். பின்சக்கரத்தைத் தாங்கும் கவைக்குள் இறங்கவில்லை. "இரும்புதானே, இழுத்தா விரியும்," என்று அவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்து இழுத்தோம். சின்னதாக ஒரு சத்தம். பெடல் அச்சோடு சேரும் இடத்தில் கவையின் குழாய் கழன்று அவர் கையோடு விலகியது. உள்ளிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

"நாம இழுத்ததாலயா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "இல்ல மச்சான். இது பழைய உடைவு. உப்புக்காத்து உள்ளால திண்டிருக்கு. மேல இருந்த பெயின்ட்தான் இவ்வளவு நாளும் புடிச்சிட்டு இருந்திருக்கு."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி வந்து குனிந்து பார்த்தாள்.

"நேத்து இதிலயா நாம உம்மாட்டப் போன?"

"ஓம்," என்றேன்.

மகள் முன்பாரில், மனைவி கேரியரில். பிரதான வீதியில் பின்னால் லொறி ஹோன் அடிக்க, நான் எழுந்து நின்று மிதித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இறக்கச் சொல்லிப் பிள்ளை அழுதும் அந்திநேர மஃரிப் தொழுகை வரை இறக்கவில்லை.

சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்தும் பட்டறையில் புதுக்குழாய் வைத்துப் பித்தளையால் ஒட்டினார்கள். மற்றக் குழாய்களையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு வீல்களைப் பூட்டி, நீளமான செயின் போட்டோம். பெரிய பற்சக்கரத்தில் கச்சானுக்குள் போனபோது கால் சும்மா சுழன்றது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு கல் தெறித்தாலும் இறங்கிக் குழாயைத் தடவிப் பார்த்தேன்.

மனைவி பல மாதம் அதில் ஏறவில்லை. உம்மா வீட்டுக்கு அவளும் மகளும் நடக்க, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே போனேன். ஒருநாள் வழியில் மழை பிடித்தது. அவளாகவே மகளை முன்பாரில் வைத்துவிட்டுக் கேரியரில் ஏறினாள். வீடு வரும்வரை இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.